யாருக்குத் தனிமை? – வாசகர் கேள்வி பதில்

தனிமை, மௌனம், தனித்திருந்து செய்யும் சாதனை (ஆன்மிகப் பயிற்சி) பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஏழுக்கு இங்கே பதில் தருகிறோம். ஊர் மட்டும் போட்டிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டோம்.

எனக்கு வயது 63. கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் இருக்கிறான். “இனி உனக்கென்ன கவலை, பகவான் நாமத்தைச் சொல்லிக்கொண்டு நிம்மதியாக இரு” என்கிறார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. நாள் முழுக்க டிவி ஓடுகிறது. பார்க்க இல்லை, வீட்டில் ஒரு சத்தம் கேட்க. இந்தத் தனிமையை ஆன்மிகமாக மாற்றிக்கொள்ள முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

முடியும் அம்மா. ஆனால் அவர்கள் சொல்கிற வேகத்தில் முடியாது. எட்டு மாதம் துக்கத்துக்கு நீண்ட காலமே இல்லை. அழுகை வருவதால் உங்கள் பக்தியில் ஏதோ குறை என்று நினைத்துவிடாதீர்கள். டிவியையும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். அந்தச் சத்தம் இப்போதைக்கு உங்களுக்கு ஊன்றுகோல். காலையில் அரை மணி நேரம் மட்டும் அது இல்லாமல் இருக்கப் பழகுங்கள்.

எப்படி உட்காருவது என்று சொல்கிறோம். காலை ஐந்தரை, ஆறு மணி வாக்கில் முகம் கழுவி, கொஞ்சம் வெந்நீர் குடித்துவிட்டு, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் படட்டும், கீழே ஒரு பாய்த் துண்டு இருந்தால் குளிர் ஏறாது. கணவரின் படத்துக்கு நேர் எதிரே உட்கார வேண்டாம். கண்ணை முழுதும் மூடாமல், நாலடி தள்ளித் தரையைப் பார்த்தபடி பாதி திறந்து வையுங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் காட்சிகள் வரிசையாக வந்து நிற்கும், அதனால்தான். மூச்சு மூக்கு நுனியில் போய் வருவதைக் கவனியுங்கள். முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். இரண்டாம் வாரம் பத்து, ஒரு மாதம் கழித்துப் பதினைந்து. அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

அழுகை வந்தால் அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொண்டையில் அடைக்கும், இல்லாவிட்டால் நெஞ்சுக்கூட்டின் நடுவில் கனக்கும். அந்த இடத்திலேயே கவனத்தை வைத்து மூன்று மூச்சு விடுங்கள். அப்புறமும் அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். “ஏன் எனக்கு இப்படி” என்ற கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். அது சுற்றிச் சுற்றி அங்கேயே கொண்டு வந்து விடும்.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு அடுத்த படி. காலையில் காபி போடும்போது கை தானாக இரண்டாவது டம்ளரை எடுக்கும். பாலை இரண்டு பேருக்கு அளந்து ஊற்றியிருப்பீர்கள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். “இவ்வளவு காலம் ஒருவருக்குக் காபி கொடுத்தவள் நான். கொடுக்க ஆளில்லாத இந்த நிமிடத்தில் இங்கே நிற்கிற நான் யார்?” என்று கேளுங்கள். பதிலை யோசித்துச் சொல்ல வேண்டாம். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். மனைவி, அம்மா, மாமியார் என்று நாம் ஏற்றுக்கொண்ட வேடங்கள் ஒவ்வொன்றும் எதிரில் ஒருவர் இருந்தால்தான் நிற்கும். எதிரில் ஆள் இல்லாதபோது வலிப்பது அந்த வேடம். வலியைப் பார்த்துக்கொண்டிருப்பது எது என்று உள்ளே தேடுவதுதான் உங்கள் ஆத்ம விசாரணை. துக்கம் பச்சையாக இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. அது தன்னைத்தானே குத்திக்கொள்வதாக ஆகிவிடும். இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னது அதனால்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தனியாகத் தியானத்தில் உட்கார வேண்டாம். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பும் பொழுது அது. காது வாசற்படியிலேயே இருக்கும். அந்த ஒரு மணி நேரம் கோயிலுக்குப் போங்கள். உங்கள் ஊரில் கோயிலுக்கா பஞ்சம்! போகிற வழியில் தினம் ஒரே ஆளிடம், பூக்காரம்மாவானாலும் சரி, நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

கணவர் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது, காலடிச் சத்தம் கேட்கிறது என்றால் பயப்படாதீர்கள். துணையை இழந்த பலருக்கு அப்படித் தோன்றுவது உண்டு. ஆனால் வாரக்கணக்கில் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து மறுபடி தூக்கம் வராமல் இருந்தாலோ, சாப்பாடு இறங்காமல் உடம்பு இளைத்தாலோ, நானும் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வந்தாலோ தியானத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்து சாப்பிட்டால் சாதனை கெட்டுவிடாது.

ஐ.டி. வேலை, வயது 27. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பத்து நாள் பேசாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். எப்படித் தயாராவது?
– வாசகர், சென்னை

தம்பி, பேசாமல் இருப்பது அவ்வளவு சிரமமில்லை. முதல் நாள் மாலையோடு பழகிவிடும். சிரமம் வேறு இடங்களில் இருக்கிறது.

விபாசனா ஆசிரியர் கோயங்காவின் மரபில் நடக்கும் எல்லா முகாம்களிலும், சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது உட்பட, ஒரே கால அட்டவணைதான். காலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு உட்கார்ந்தால் இரவு 9 மணி வரை, இடைவெளிகளைக் கழித்து, ஏறக்குறைய பத்து மணி நேரம் தியானம். பதினொரு மணிக்கு மதியச் சாப்பாடு. மாலை 5 மணிக்குத் தேநீரோடு சிறிது ஏதாவது கொடுப்பார்கள், அதற்குப் பிறகு சாப்பாடு கிடையாது. ஏழு மணிக்கு உரை, அதைத் தமிழிலேயே கேட்கலாம். போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் நுழையும்போதே ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நான்காம் நாள்தான் விபாசனா சொல்லித் தருவார்கள். பத்தாம் நாள் காலையில் மௌனம் முடியும். கட்டணம் இல்லை. முழு முகாமையும் முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குவார்கள்.

முதல் தொல்லை தலைவலி. தினம் நாலு காபி குடிப்பவர் திடீரென்று குறைத்தால் ஒரு நாளுக்குள் தலை பிளக்கும், இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும். ‘தியானம் தலைக்கு ஏறிவிட்டது’ என்று பலர் மிரள்வது இதற்குத்தான். பத்து நாள் முன்பிருந்தே மெல்லக் குறைத்து அரை டம்ளருக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது முட்டி. இடுப்பு முட்டியைவிட நாலு விரல் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு வளைந்து, முழு எடையும் முட்டியில் இறங்கும். வீட்டில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு தினம் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நான்காம் நாளுக்குப் பிறகு தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். அதற்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். கீழே உட்காரவே முடியாதவர்களுக்கு நாற்காலி தருவார்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இனிமேல் வருவதுதான் முக்கியம். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும். மனம் வேண்டிய காரணங்களை எடுத்துத் தரும்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ, ஆபீஸில் ஏதோ நடந்திருக்குமோ, இங்கே சொல்லித் தருவதே தப்போ. அந்தக் காரணம் எதுவாக இருந்தாலும் மதியம் 12 மணி சந்திப்பில் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மௌனம் சக சாதகர்களோடுதான்; ஆசிரியரிடம் பேசத் தடையே இல்லை. பலர் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குகிறார்கள். எகிப்தின் பாலைவனங்களில் 4ஆம் நூற்றாண்டில் தனித்து வாழ்ந்த கிறிஸ்தவத் துறவிகளும் இதே ‘கிளம்பிவிடு’ குரலைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். நண்பகலில் வரும் பேய் என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். வெயில் ஏறியதும் பொழுது நகராது, அறை பிடிக்காது, வேறு ஊருக்குப் போனால் நன்றாகத் தியானம் வரும் என்று தோன்றும். அவர்கள் கண்ட மருந்து, கை வேலையும் மூத்தவரிடம் மறைக்காமல் சொல்வதும்.

மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் இந்த முகாமுக்குப் போகக் கூடாது. விண்ணப்பத்தில் இதைக் கேட்பார்கள், மறைக்காதீர்கள். முகாமுக்காக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. தூக்கமே இல்லாமல் மனம் பறக்கிற மாதிரி இருந்தால் அதை ஞானம் என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

ஞாயிறு முகாம் முடிந்து திங்கள் காலை ஆபீஸ் போவதாக டிக்கெட் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் விடுப்பு கூடுதலாக எடுங்கள். பத்து நாள் அமைதிக்குப் பிறகு ஹாரன் சத்தம் தோலில் குத்துகிற மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் திருவண்ணாமலையில் தனியாக இருந்து என்னை அறிந்துகொள்ள ஆசை. ரமணர் இருந்த குகையிலேயே உட்கார முடியுமா?
– வாசகர், சேலம்

உட்காரலாம். ரமணாசிரமத்தின் பின்பக்கமாக மலை ஏறும் கல் பாவிய பாதை இருக்கிறது. நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரத்தில் கந்தாசிரமம், அங்கிருந்து கீழே இறங்கினால் ரமணர் இருந்த விருபாட்சி குகை. உள்ளே காற்றோட்டம் குறைவு, வெக்கையாக இருக்கும். கோடையில் அங்கே தண்ணீர் கிடைக்காமல் ரமணரே மாமரத்துக் குகைக்கு மாறியிருக்கிறார். அதனால் சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிடுங்கள். பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் தனிமைக்கு ஏற்ற நாட்கள் அல்ல. ஆசிரமத்தில் தங்க முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். முதல் முறை வருபவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று நாள்தான் தருவார்கள். ஒரு வாரம் என்று பிடிவாதம் பிடிக்காமல் மூன்று நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வெயிலுக்கு முன் ஏறி, குகையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்து, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். கையில் தின்பண்டப் பையோடு ஏறினால் குரங்கு விடாது. மாலை நான்குக்கு மேல் ஏற வேண்டாம். மதியம் படுத்துத் தூங்காமல், உடுத்திய துணியை நீங்களே துவைத்துக் காயப் போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயதில் அங்கே வந்து சேர்ந்தார். அண்ணாமலையார் கோயிலின் நிலவறையான பாதாள லிங்கத்தில் பூச்சிகள் தொடையை அரித்ததுகூடத் தெரியாமல் கிடந்தார். அவரை வெளியே தூக்கி வந்து வாயில் உணவு ஊட்டியவர்கள் இருந்தார்கள். பிறகு பழனிசாமி என்ற அன்பர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். 1916இல் தாய் அழகம்மாள் நிரந்தரமாக வந்து சேர்ந்து, கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். குகை என்றதும் ஆளே இல்லாத இடம் என்று கற்பனை செய்கிறோம், அங்கே எப்போதும் யாரோ ஒருவர் காவல் இருந்திருக்கிறார். நீங்களும் போவதற்கு முன் ஒருவரிடம் சொல்லிவிட்டு, தினம் இரவு அவருக்கு ஒரு வரிச் செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளித்தலை அருகே காவிரிக் கரையில் 1950இல் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரெஞ்சுத் துறவி அபிஷிக்தானந்தரும் அருணாசலக் குகைகளில் தனித்திருந்தவர்தான். அவரும் குகைக்கும் ஆசிரமத்துக்கும் போய் வந்துகொண்டுதான் இருந்தார்.

‘நான் யார்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே தனியறையில் உட்காருகிறேன். கொஞ்ச நேரத்தில் வெறுமையாகிவிடுகிறது, பிறகு தூங்கிவிடுகிறேன். எங்கே தவறு?
– வாசகர், திருச்சி

சொல்லிக்கொண்டே இருப்பதுதான் தவறு. இந்தக் கேள்வி ஜபம் அல்ல. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்டபோது மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டிய பதில்களிலேயே முறை தெளிவாக இருக்கிறது. ஓர் எண்ணம் எழுகிறது. அதை முடிக்க விடாமல் ‘இது யாருக்கு வந்தது?’ என்று கேட்கிறீர்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். ‘அந்த நான் யார்?’ என்று திரும்பினால் எண்ணம் பாதியில் அறுந்து நிற்கும். அந்த இடத்தில் சொல்லை விட்டுவிட்டு, ‘இருக்கிறேன்’ என்ற உணர்வில் மட்டும் நில்லுங்கள். இரண்டு மூன்று விநாடிதான் நிற்கும். அடுத்த எண்ணம் வந்ததும் மறுபடி கேளுங்கள். எண்ணம் இல்லாத நேரத்தில் கேள்வியும் வேண்டாம்.

வெறுமையாகிவிடுகிறது என்கிறீர்கள். அந்த வெறுமையை அறிந்தவர் யார்? அங்கே கேட்காமல் விட்டதால்தான் அது தூக்கத்தில் போய் முடிகிறது. மனம் ஒடுங்கிக் கிடப்பது வேறு, விழித்திருப்பது வேறு. ‘நான் தனியாக இருக்கிறேன்’ என்பதும் ஓர் எண்ணம்தான். ‘யாருக்குத் தனிமை?’ என்று அதையே பிடித்துக்கொள்ளுங்கள். மனத்தைத் தைக்கிற எண்ணமாக இருப்பதால் அதை வைத்து உள்ளே திரும்புவது எளிது.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் உட்காராதீர்கள். முகவாய் நெஞ்சை நோக்கிச் சரிவது தூக்கத்தின் முதல் அடையாளம். சரிந்ததும் எழுந்து பத்து நிமிடம் நடங்கள்.

மாமனார், மாமியார், கணவர், இரண்டு குழந்தைகள். எனக்குத் தனிமை கிடைத்தால்தானே மற்றதெல்லாம்!
– வாசகி, கோவை

உங்கள் கோபம் நியாயமானது. ‘மனத்தில் ஏகாந்தம் இருந்தால் போதும்’ என்று பெரியவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அதை வீட்டுப் பெண்களிடம் மட்டும் சொல்லி, பூஜையறைக் கதவை ஆண்கள் சாத்திக்கொள்வது சரியில்லை. காலை ஐந்து முதல் ஐந்தேகால் வரை மொட்டை மாடியில் இருப்பேன் என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் அறிவியுங்கள். மறைந்து மறைந்து எடுக்கும் நேரத்தில் காது கீழேயே இருக்கும். முதல் வாரம் யாராவது கூப்பிடுவார்கள், இறங்கி வராதீர்கள். இரண்டாவது வாரம் அவர்களே பழகிவிடுவார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் ஸ்லோகம் சொல்லக்கூட வேண்டாம். யாருக்கும் எதுவும் செய்யாமல் இருந்தால் போதும். முதலில் குற்ற உணர்வுதான் வரும். அதைக் கவனிப்பதே உங்களுக்கான பாடம்.

ரமலானில் பத்து நாள் இஃதிகாஃப் (பள்ளிவாசலிலேயே தங்கி வழிபடுவது) இருந்தேன். மனம் தெளிந்திருந்தது. பெருநாள் முடிந்த மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிட்டேன்.
– வாசகர், காயல்பட்டினம்

இருபதாம் நோன்பு மஃரிபுக்கு (அந்தித் தொழுகைக்கு) முன் பள்ளிவாசலுக்குள் போனவர், அடுத்த மாதமான ஷவ்வாலின் பிறை பார்த்ததும் வெளியே வருகிறார். அன்றிரவே கடைவீதி, மறுநாள் விருந்து, உறவுகள். தெளிவு கலையாமல் என்ன செய்யும்? பெருநாளுக்குப் பிறகு வாரம் ஒரு நாள், அஸருக்கும் (பிற்பகல் தொழுகைக்கும்) மஃரிபுக்கும் நடுவில், போனை வீட்டிலேயே வைத்துவிட்டு, நீங்கள் இருந்த அதே மூலையில் உட்காருங்கள். ஷவ்வாலின் ஆறு நோன்பையும் அடுத்தடுத்து முடித்துவிடாமல் பரப்பி வைத்தால் இறங்குமுகம் நிதானமாக இருக்கும். இன்னொன்று: இஃதிகாஃபின் தனிமை ஊரார் வந்து தொழுகிற பள்ளியில் இருப்பது. ஐந்து வேளையும் தோளோடு தோள் நின்றதும் அந்தத் தெளிவுக்கு ஒரு காரணம். ஜமாஅத்தை (கூட்டுத் தொழுகையை) விட்டுவிட்டுத் தனியாக மட்டும் அதைத் தேடாதீர்கள்.

ஓய்வு பெற்று இரண்டு ஆண்டாக எல்லோரையும் விட்டு ஒதுங்கி, ‘பசித்திரு, தனித்திரு, விழித்திரு’ என்ற வழியில் இருக்கிறேன். யாராவது வந்தால் எரிச்சல் வருகிறது. இது வைராக்கியம் முற்றிய அடையாளமா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை ஐயா. தனிமை திரிந்துபோனதற்கு அது அடையாளம். மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் வந்து போன பிறகு அவர் சொன்ன ஒரு சொல் எத்தனை மணி நேரம் மனத்தில் ஓடுகிறது? குளிப்பது, சமைப்பது, அறையைக் கூட்டுவது ஒழுங்காக நடக்கிறதா? உங்கள் அனுபவத்தை மறுத்துப் பேசக்கூடிய ஒருவராவது உங்களுக்கு இருக்கிறாரா? எரிச்சல் மணிக்கணக்கில் நீடித்து, அறை குப்பையாகி, கேள்வி கேட்க ஆளும் இல்லை என்றால், அகந்தை கரையவில்லை; எதிர்ப்பு இல்லாததால் தடித்திருக்கிறது.

தனித்திருக்கச் சொன்ன வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் பசித்தவர்களுக்கு உணவிடும் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார்; அங்கே ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. மேட்டுக்குப்பத்துக்கு அவர் ஒதுங்கியது அதற்குப் பிறகுதான். ஔவையார் பெயரில் வழங்கும் பாடலும் ஏகாந்தம் இனிது என்று தொடங்கி, அதனினும் இனிது ஆதியைத் தொழுதல் என்று போய், அதனினும் இனிது அறிவினரைச் சேர்தல் என்று ஏறுகிறது. நீங்கள் முதல் படியிலேயே வீடு கட்டிக்கொண்டீர்கள்.

வாரம் இரண்டு நாள், தலா மூன்று மணி நேரம், ஊரில் அன்னதானம் நடக்கிற இடத்தில் வேலை கேளுங்கள். பந்தி மேற்பார்வை வேண்டாம். காய் நறுக்கவோ எச்சில் இலை எடுக்கவோ கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து, அன்று எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, அப்போது ‘நான்’ எப்படித் தலை தூக்கியது என்று பாருங்கள். ஆறு வாரம் செய்துவிட்டு எழுதுங்கள். அதுவரை தனியாக உட்காரும் நேரம் காலையில் ஒரு மணி, மாலையில் அரை மணி என்று இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம்.